கைமாற்றுப் பலகைகள்

எங்கள் பட்டறையின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எந்த மரம் வேண்டுமானாலும் கிடக்கலாம். வேம்பு, பலா, ஒட்டுப்பலகை, பழைய ஜன்னலிலிருந்து பெயர்த்த சட்டம், எதுவானாலும் சரி. அந்தப் பக்கம், காட்டை அழிக்காமல் வளர்த்து வெட்டியது என்று சான்று பெற்ற தேக்கு மட்டும்தான். எந்த நாட்டுத் தோட்டத்தில் வெட்டினார்கள், எந்த மில்லில் அறுத்தார்கள், இங்கே எந்த மர டிப்போக்காரர் வாங்கி எங்களுக்கு விற்றார் என்று அது கடந்துவந்த ஒவ்வொரு கைக்கும் ஓர் எண் உண்டு. கதவு செய்து விற்கிற எங்களுக்கும் ஓர் எண் உண்டு. நடுவில் எண் இல்லாத ஒரு கை பட்டுவிட்டால் போயிற்று. மரம் அதே மரம்தான். ஆனால் அதன் பிறகு அது ஊர் பேர் தெரியாத மரம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பசுமைக் கட்டடம் கட்டுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இதற்கு செயின் ஆஃப் கஸ்டடி என்று பெயர். என் வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டபோது, "மரத்த எதுக்குடி போலீஸ் கஸ்டடில வெக்கிறாங்க?" என்றார். அவருக்கு அறுக்கத் தெரியும், இழைக்கத் தெரியும், கடன் சொன்னால் தலையாட்டத் தெரியும். காகிதம் என்றால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவார். ஆகவே அந்தச் சான்று விஷயம் முழுக்க என் தலையில் விழுந்தது. ஆரணியில் பி.காம். படித்துவிட்டுக் கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள் நான். பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் மஞ்சள் கோட்டுக்குக் காவல்காரி ஆனேன். கோட்டை மிதித்தவர்கள் என் வாயிலிருந்து தப்பியதில்லை. டீ கொண்டுவருகிறவர்கூட சுற்றிக்கொண்டுதான் போவார்.

பக்கத்துப் பட்டறை சோஃபா சட்டம் செய்கிற அண்ணனுடையது. அவருக்கும் அவர் மனைவி, அந்த அக்காவுக்கும் பூர்வீகம் காக்ஸ் டவுன். தலைமுறை தலைமுறையாக பெங்களூர்த் தமிழர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். மத்தியானம் அக்கா கரண்டியால் அந்தத் தகரத்தை இரண்டு தட்டு தட்டுவார். சாப்பிட வா என்று அர்த்தம். அவர் கொண்டுவரும் மீன்குழம்புக்காக நான் என் தயிர் சாதத்தைப் பல நாள் நாய்க்குப் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அக்காதான்.

எங்கள் தெருவில் எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் நடுவே கைமாற்று உண்டு. ஒருவருக்குப் பலகை குறைந்தால் அடுத்தவரிடம் எடுத்துக்கொள்வார். பிறகு அதே மரம், அதே கனம் பார்த்து வாங்கி, எடுத்த இடத்திலேயே சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். வைத்துவிட்டேன் என்று வந்து சொல்லக் கூடாது. சொன்னால், கொடுத்தவர் இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று குத்திக் காட்டுவது போல. அது மரியாதை இல்லை.

சாவியும் அப்படித்தான். மழை வந்தால் எங்கள் கூரையும் ஒழுகும், அவர்கள் கூரையும் ஒழுகும். ஆள் இல்லாத நேரத்தில் மற்றவர் திறந்து மரத்தின் மேல் தார்ப்பாய் போட வேண்டும். அதனால் அவர்கள் சாவி எங்களிடம், எங்கள் சாவி அவர்களிடம். அக்கா எங்கள் சாவியில் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பாலிஷ் பூசி, தன் இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்திருந்தார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கைமாற்று கிடையாது என்று மட்டும் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தோம். அங்கிருந்து எடுக்கக் கூடாது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அங்கே வைப்பதைப் பற்றி யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அக்கா செத்துப்போனது ஆயுத பூஜையன்று. காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். முந்தின நாள்தான் எங்கள் மெஷினுக்குக் கட்ட வாழைக்கன்று வாங்கிவந்து, "உங்க சாமிக்கு நான் தரேன்மா, சும்னே வெச்சுக்க" என்று கன்னடம் கலந்த தன் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் எங்கள் பட்டறைக்கு வந்தபோது உளி, இழைப்புளி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருந்தன. அவருடைய சொந்தக்காரர்கள் ரெடிமேட் சவப்பெட்டி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உள்ள மட்டமான கட்டை, மேல வெல்வெட் துணி. நான் காலம் பூரா செய்றதே அந்த வேலதான்பா," என்றார் என் வீட்டுக்காரரிடம். "துணிக்குள்ள மறைக்கிற கட்டைலயே அவளயும் வெச்சு மூடச் சொல்றாங்க. என்னால ஆவாது. டிப்போ எல்லாம் சாத்தியிருக்கு. நல்ல பலகை உங்கிட்டதான் இருக்கு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை. நேராக மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், முனையில் பச்சைப் பெயின்ட் அடித்த பலகைகளை இறக்க ஆரம்பித்தார். சான்று மரம் என்று தெரிய நாங்கள் அப்படிப் பச்சை அடித்து வைப்போம். அவர் பார்த்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். சான்று மரத்தைச் சாதாரண வேலைக்குக் கொடுப்பதில் குற்றமே இல்லை, வெளியே போனது என்று எழுதிக்கொண்டால் தீர்ந்தது. அக்காவுக்கு இல்லாத மரம் யாருக்கு?

"எடுத்துக்கண்ணே. இதுக்குப் போயி கைமாத்து கிய்மாத்துன்னு பேசாத," என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்படின்னா வேணாம். எங்க வீட்டுல யாரயும் அடுத்தவங்க பலகைல பொதச்சதில்ல. கைமாத்தா குடு. திருப்பிட்டா அது அவளோட பலகை. அவ தன் சொந்தப் பலகைலதான் படுத்திருக்கணும்."

"சரி, கைமாத்துதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

பூஜையில் இருந்த கருவிகளை எடுத்தார்கள். அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மெஷினில் கட்டியிருந்த அக்காவின் வாழைக்கன்றை அவிழ்க்காமலே சுவிட்சைப் போட்டார் என் வீட்டுக்காரர். சாமந்தி மாலையெல்லாம் மரத்தூளாகிவிட்டது. இருவருமாகப் பெட்டியைச் செய்தார்கள். இழைத்து முடித்த பிறகு அண்ணன் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கேயாவது சிராய் குத்துகிறதா என்று பார்க்கிறார் என்பது புரிந்ததும் நான் வெளியே போய் அழுதேன். மறுநாள் காக்ஸ் டவுன் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். துணி போர்த்தாத பெட்டி. தேக்கின் ரேகை வெயிலில் தெரிந்தது.

அதன் பிறகு மத்தியானம் தகரச் சுவரில் சத்தம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் அண்ணன் ஆணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் கட்டுகிற ஓர் ஆபீஸ் கட்டடத்துக்குக் கதவு செய்யும் வேலை எங்களிடம் வந்திருந்தது. பசுமைக் கட்டடம் என்று பட்டம் வாங்கப் போகிற கட்டடம். நாங்கள் அதுவரை செய்ததிலேயே பெரிய வேலை. என் வீட்டுக்காரர் அடுக்கிலிருந்த தேக்கையெல்லாம் போட்டு இழைத்தார். கதவுகள் தயாராகி, லாரியும் வந்து நின்றது. பில்லில் எங்கள் சான்று எண்ணை எழுதி, இதில் இருப்பதெல்லாம் சான்று பெற்ற மரமே என்று நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கதவுகளை ஏற்றும்போது அண்ணன் வந்தார். அக்கா போன பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"இது போற பில்டிங்ல லிஃப்ட் எல்லாம் இருக்குமில்லம்மா?"

"இருக்கும்ணே."

"அவ ஒரு தடவகூட அந்த மாதிரி பில்டிங் உள்ள போனதில்ல. இப்ப அவ பலகை போவுது பாரு."

"எந்தப் பலகைண்ணே?"

"நான் திருப்பி வெச்சதுதான். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னாடி முடிச்சுடணும்னு இருந்தேன். டிப்போ டிப்போவா அலஞ்சு, ரேகை பாத்து எடுத்தேன். ஒரு ஞாயித்துக்கெழம உங்க சாவிய போட்டுத் திறந்து அடுக்குல சொருகிட்டேன். உங்க ஸ்டாக் மாதிரியே முனைல பச்சைப் பெயின்ட்டும் அடிச்சேன். வித்தியாசம் தெரியக் கூடாதில்ல?" என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாகச் சொல்லிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, "மனசு நெறஞ்சிருந்துச்சு, சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா," என்றார்.

எண் இல்லாத மரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பச்சையும் பூசிக்கொண்டு, அறுபட்டு, எந்தக் கதவில் எது என்று கடவுளுக்கே தெரியாதபடி கலந்துவிட்டது. எடுத்ததில் ஒரு தப்பும் இல்லை, திருப்பி வைத்ததுதான் தப்பு என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "பில்லுல ஏதோ குளறுபடி, இறக்குங்க," என்று மட்டும் சொல்லி லாரியை நிறுத்தினேன்.

உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர் கத்தினார். "தேக்குக்குத் தேக்கு. நம்ம பலகைய விட நல்ல பலகை. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"அப்புறம் என்னாடி?"

"நான் கையெழுத்துப் போடணும்."

என்னைப் பெரிய உத்தமி என்று நினைக்க வேண்டாம். எனக்கு இருந்தது பயம்தான். அந்தக் கையெழுத்து பொய் என்றால் இத்தனை வருஷம் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நான் கத்தியது எல்லாம் வெறும் கூத்து என்று ஆகிவிடும் என்ற பயம். இன்னொன்றும் தோன்றியது. எங்கோ ஒரு நாட்டில் அதை வெட்டிய தோட்டக்காரர் தொடங்கி டிப்போக்காரர் வரைக்கும் யாரென்றே தெரியாத அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் நம்பி அனுப்பிய மரம் அது. என் முறை வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டால் எப்படி?

என் வீட்டுக்காரர் கடைசியில் இறங்கி வந்தார். "என்னமோ பண்ணு. ஆனா அண்ணனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உடைஞ்சுடுவாரு."

அந்தக் கட்டடம் பசுமைப் பட்டம் வாங்க உதவுகிற ஆலோசகருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், அதட்டவில்லை. "கதவுல என்னம்மா குறை?" என்று கேட்டார். குறை ஒன்றுமில்லை, எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பலகை கலந்துவிட்டது என்றேன். எந்தக் கதவில் என்றார். தெரியாது சார் என்றேன். அவ்வளவுதான். அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கதவுகள் தார்ப்பாய்க்கு அடியில் சாய்ந்து நின்றன. அண்ணன் போகும்போதும் வரும்போதும் அந்தத் தார்ப்பாயைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். நாங்களும் பில் பிரச்சினை, பில் பிரச்சினை என்று ஏதோ சொல்லி மழுப்பினோம்.

சான்று கொடுக்கிறவர்களுக்கும் நான் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தேன். தணிக்கைக்கு ஒரு பெண் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். கோட்டைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், பச்சை முனையைத் தொட்டுப் பார்த்தார். "வெளியாள் ஏன் உங்கள் அடுக்கில் மரம் வைத்தார்?" என்று கேட்டார். பெட்டி, ஆயுத பூஜை, கைமாற்று, சாவி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்களே சொன்னதால் சான்றை ரத்து செய்ய மாட்டோம்," என்றார் கடைசியில். "ஆனால் சான்று மரம் பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும். சாவி உங்களைத் தவிர யாரிடமும் இருக்கக் கூடாது. பழைய சாவியைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று நீங்கள் எனக்கு உறுதி சொல்ல வேண்டும், மேடம்."

அவர் போன பிறகு, என்ன சொல்லி அந்தச் சாவியைக் கேட்பது என்று யோசித்து யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்தேன். பூட்டு துருப்பிடித்துவிட்டது, மாற்றப் போகிறோம் என்று. அதை வாயில் வைத்துக்கொண்டு அண்ணனுடைய பட்டறைக்குப் போனேன்.

அவர் வேலை செய்யாமல் ஒரு சோஃபா சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே பலகையின் மேல் எங்கள் சாவி இருந்தது. அக்காவின் கொத்திலிருந்து தனியாகக் கழற்றி வைத்திருந்தார். சிவப்பு நகப்பாலிஷ் பாதி உதிர்ந்திருந்தது. இரண்டு கொட்டகைக்கும் நடுவே இருப்பது தகரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எல்லாம் கேட்டுச்சும்மா," என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை.

"உங்களுக்கு எவ்ளோ பேஜாரு குடுத்துட்டேன். எனக்கு அந்த நம்பரு கிம்பரு எல்லாம் தெரியாதும்மா. நல்ல பலகையா இருந்தா போதும்னு நெனச்சேன்."

"நீங்க பண்ணதுல தப்பு ஒண்ணும் இல்லண்ணே."

"அது இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு." அவர் என்னைப் பார்க்காமல் சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் குடுத்த பலகை உங்களுக்கு ஆவாதுன்னா, திருப்பினதா ஆவாதில்ல? அப்ப அவ இன்னும் கைமாத்துப் பலகைலதான் படுத்திருக்காளா?"

"இல்லண்ணே. நாங்க வாங்கிக்கிட்டோம். தீந்துடுச்சு."

"ம்," என்று தலையாட்டினார். சாவியை என் பக்கம் தள்ளினார். எங்களிடம் இருந்த அவர்களுடைய சாவியை நான் எடுத்துப் போயிருந்தேன், பதிலுக்குத் திருப்பித் தருவதுதான் நியாயம் என்று. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "இது உங்கிட்டயே இருக்கட்டும். எங்க பட்டறைக்கு என்னா சான்று?" என்று சிரிக்கப் பார்த்தார்.

அறை கட்டினோம். வீடு கட்டுகிற ஒருவர் கதவுகளைச் சாதாரணத் தேக்குக் கதவாக வாங்கிப் போனார். ஒன்றே ஒன்றை என் வீட்டுக்காரர் தரவில்லை. சான்று மரம் வைக்கும் அந்தப் புது அறைக்கே அதை மாட்டினார். "உன் பலகை எங்ககிட்டதான் இருக்குது பாருண்ணே," என்று கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் வந்து பார்த்தார். கீலைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு திருகாணி சரியாக உட்காரவில்லை என்றார். என் வீட்டுக்காரர் அதை முடுக்கினார். பிறகு வெளிக்கதவுக்கும் அந்த அறைக்கும் புதுப் பூட்டுப் போட்டோம். மாற்றுச் சாவிகளை நான் வீட்டு பீரோவில் வைத்தேன். அவற்றைக் கொடுத்து வைக்க எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

இந்த வருஷம் கோடை மழை சீக்கிரம் வந்தது. ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் ஆரணிக்குப் போயிருந்தோம். சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்.

"இங்க மழை அடிச்சு ஊத்துதும்மா. உங்க கொட்டாய்க்குள்ள தண்ணி இறங்குற சத்தம் கேக்குது. அந்த ரூம் பக்கந்தான்." பிறகு சொன்னார். "சாவி இல்லையேம்மா."

"விடுங்கண்ணே. நனைஞ்சா நனையட்டும். நீங்க மழைல நிக்காதீங்க," என்றேன்.

மறுநாள் நாங்கள் வந்து பார்த்தபோது எங்கள் கூரையின் மேல் நீலத் தார்ப்பாய் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. நாலு மூலையிலும் கயிறு. அது அண்ணனுடைய தார்ப்பாய். அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். உள்ளே போய் அறையைத் திறந்தேன். பலகைகள் காய்ந்தே இருந்தன. பக்கத்துக் கொட்டகையில் அவர் செய்து வைத்திருந்த சோஃபா சட்டங்கள் ஊறிப்போய் மூட்டு விட்டுக் கிடந்தன. அவர் முழங்காலில் துணி கட்டியிருந்தார். ஏணி வழுக்கிவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் திட்டினார். இந்த வயசில் மழையில் கூரை ஏறுகிற வேலையா இது என்று கேட்டார். அண்ணன் என்னைத்தான் பார்த்தார்.

"பலகை நனையலயேம்மா?"

"ஒரு சொட்டுகூட இல்லண்ணே."

"அந்த நம்பர் போட்ட பலகைதானே எல்லாம்?"

"ஆமாண்ணே."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப அவ கைமாத்து இப்பவாவது தீந்துச்சாம்மா?" என்றார்.